ழ வராத ஷேரன் சேர்

புதன், ஜன. 14

விடியக்காலையிலேர்ந்து மழ. பூன் லே இன்டர்சேஞ்ச்ல பஸ்ஸுக்கு நின்னே சாக்ஸ் ரெண்டும் ஊறிப்போச்சு. அதோட நாள் முழுக்க ஸ்கூல் லைப்ரரி ஏர்கான்ல. வீட்டுக்கு வந்து மூணு மணி நேரமாச்சு, கால் இன்னும் சில்லுன்னு இருக்கு.

இன்னைக்கு:
- திரும்பி வந்த புக்ஸ் ரெண்டு டிராலி அடுக்குனது.
- ஒரு புக்குக்குள்ள மீ கோரிங். ஒரே ஒரு நூடுல். காஞ்சு, ஒட்டி, 23ஆம் பக்கத்தோட ஒண்ணாயிடுச்சு. ஸ்கேல் வெச்சு சுரண்டினேன்.
- பிரைமரி 4 சீன வகுப்பு, பிரைமரி 1 மலாய் வகுப்பு. கத படிக்கறது அவங்க டீச்சரே. எனக்கு ஸ்கேன் மட்டும்.
- பி2 தமிழ் வகுப்பு. இதுக்கு நான்.

அதான் பிரச்சன. வேலைக்கு எடுக்கறப்ப ஷெல்ஃப் அடுக்கற வேலைன்னு தான் சொன்னாங்க. வந்தப்புறம் பாத்தா லைப்ரரில தமிழ் பேசற ஒரே ஆள் நான். சரி, அப்ப வாராவாரம் புதன் பத்து மணிக்கு அரை மணி நேரம் நீயே தமிழ்ல கத படிச்சு காட்டுன்னுட்டாங்க. தமிழ் டீச்சர் மிசஸ் குணா பின்னால உக்காந்து நோட்டு திருத்துவாங்க.

எனக்கு ழ வராது. எழுத வரும், வாயில வராது. ள ஆயிடும், ரொம்ப பயந்தா ல ஆயிடும். பத்து வயசுல சர்ச்ல வாசகம் படிக்க முன்னால நிக்க வெச்சாங்க. "வாழ்வு"ன்னு ஒரு வார்த்த. "வால்வு"ன்னேன். கொயர்ல ஒரு அங்கிள் பக்கத்துல இருந்தவர்கிட்ட, "பைப்பு எங்கயோ லீக்காவுதாம்"னாரு. அந்த பெஞ்சே குலுங்குச்சு. அதோட சரி. அம்மா மாசத்துல ரெண்டு ஞாயிறு வாசகம் படிப்பாங்க. நான் கடைசி பெஞ்ச்.

பதினாலு பசங்க. வருகை எடுத்தேன். ரெண்டு பேர் பேருல ழ. எழிலன். யாழினி. பெத்தவங்களுக்கு என் மேல என்ன கோவமோ.

"எளிலன்." கைய தூக்கி, "பிரசன்ட் சேர்!" வாயாடி, பாத்தாலே தெரியுது. டீச்சர்னு முழுசா சொல்ல பசங்களுக்கு சோம்பல். எல்லாருமே சேர். நான் ஷேரன் சேர். நாற்காலி மாதிரி இருக்கு. வீட்ல அம்மா சாரோன்னு கூப்புடுவாங்க. எதுக்கும் நான் திரும்புவேன்.

"யாளினி." பதில் இல்ல. முன்வரிசைல ரெட்ட ஜட, முன்பல்லு ரெண்டும் காணோம், என்னையே பாத்துட்டு இருக்கு. நேம் டேக்ல யாழினின்னு தெளிவா போட்டிருக்கு. "நீ தானே?" இல்லன்னு தலையாட்டுது. "யாளினி நீ இல்லையா?" மறுபடி இல்ல. சண்ட போட தெம்பு இல்ல. டிக் பண்ணிட்டு போயிட்டேன்.

அப்புறம் ரூல்ஸ். ஓடாத, கத்தாத, புக்க கிழிக்காத. "யாரும் புக்க கிளிக்கக் கூடாது"ன்னேன். எழிலன் கை தூக்கறான். "சேர், கிளிக் பண்ணா என்ன ஆகும்?" சொல்லிட்டு அட்டைல இருந்த யான மேல வெரலால ஒரு குத்து. எல்லாரும் அவங்கவங்க புக்க குத்த ஆரம்பிச்சுட்டாங்க. பதினாலு பேரு டொக்கு டொக்குன்னு. மிசஸ் குணா கண்ணாடிக்கு மேல பாத்தாங்க. மறுபடி நோட்டுக்கு குனிஞ்சுட்டாங்க.

இப்ப தூக்கம்.


புதன், ஜன. 21

மழ இல்ல. புழுக்கம். ராத்திரி சரியா தூக்கமில்ல, பக்கத்து ப்ளாக்ல யாரோ காலைல அஞ்சுக்கே ட்ரில் போடறான்.

தும்மல் வராத யான கத. புக்ல "யானை கூறியது"ன்னு இருக்கு. பசங்க முகத்துல ஒண்ணுமே இல்ல, லிஃப்ட்டுக்கு காத்திருக்கற மாதிரி. "யான சொல்லுச்சு லா"ன்னேன். உடனே எல்லாம் உயிரோட வந்துடுச்சு. மிசஸ் குணா அப்புறமா வந்து, "பேச்சுத்தமிழ் சரி தான் ஷேரன், கடைசில ஒட்டற அந்த லா மட்டும் கொஞ்சம் கொறைங்களேன்"னாங்க. கொறைக்கறேன்னேன். லா சேர்க்காம சொன்னேன்.

கேட்டது, கார்பெட்லேர்ந்து:
"சேர், இவன் புஷ் பண்றான்."
"சேர், யான செத்துடுமா?"
"சேர், நீங்க கல்யாணம் பண்ணிட்டீங்களா?" "இல்ல." "ஏன் சேர், யாரும் கேக்கலையா?"

யாழினி பேசவே மாட்டேங்குறா. ஆனா பதினாலு பேர்ல அவ ஒருத்தி தான் நான் பக்கம் திருப்பறப்ப மூச்ச பிடிக்கறா. யான தும்பிக்கைய தூக்கறப்ப இவளும் மூக்க தூக்கறா. கத முடிஞ்சதும் அதே புக்க எடுத்துட்டு வந்து கவுன்டர்ல வெச்சு, என்ன பாக்கறா. ஸ்கேன் பண்ணி குடுத்தேன். "நல்லா இருந்துச்சா யாளினி?" முகம் சுருங்கிடுச்சு. என்ன தான் வேணுமாம்.

இப்ப மத்த பசங்களும் யாளினின்னு தான் கூப்புடுதுங்க. கவனிச்சேன். கவனிச்சிட்டு விட்டுட்டேன்.


ஞாயிறு, பிப். 1

போன புதன் ஒண்ணும் எழுதல. பத்து நாளா வேல, தூக்கம், வேல.

இன்னைக்கு தைப்பூசம். சர்ச்ல பூசை முடிஞ்சு அம்மாவும் நானும் திரும்பி வரப்ப டோபி காட்ல ட்ரெயின் மாறணும். ஸ்டேஷன் முழுக்க மஞ்ச வேட்டி, மஞ்ச சேல, வெறும் காலு, வாடின பூ வாசன. எல்லார் முகத்துலயும் என்ன விட அதிகமா களைப்பு, ஆனா சந்தோஷமான களைப்பு.

எஸ்கலேட்டர்ல எதிர்ப்பக்கம், அப்பா தோள் மேல எழிலன். நெத்தி பூரா விபூதி. "ஷேரன் சேர்!" மொத்த ஸ்டேஷனும் திரும்புச்சு.

"சேர், காலைல சிராங்கூன் ரோட்டு கோயில்ல ஒண்ணு பாத்தேன்! புதங்கிழம சொல்றேன்!"

அவன் மேல போறான், நான் கீழ போறேன். கை காட்டுனேன்.

"யாரு அந்தப் பையன்?" அம்மா.
"ஸ்டூடன்ட்."
ட்ரெயின் வந்து ஏறுனோம். அப்புறம், "உன்னையும் சேர்ங்குதுங்களே"ன்னாங்க. கிண்டலா பெருமையா தெரியல. ஜூரோங் ஈஸ்ட் தாண்டுனதும் பழைய கேள்வி, நான் பாதில விட்ட பாலிடெக்னிக் பத்தி. "போலிக்கு திரும்ப போறதா இல்லையா?" கண்ண மூடிக்கிட்டேன். தூங்கறேன்னு நெனச்சிருப்பாங்க. இல்ல, நடிக்கறேன்னு அவங்களுக்கு தெரியும்.


புதன், பிப். 4

மேகம். மழ வரல, வரும் வரும்னு இருந்துச்சு.

மோசமான நாள். வேகமா எழுதி முடிச்சுடறேன்.

எழிலன் ஷூவ கழட்டறதுக்குள்ளயே ஆரம்பிச்சுட்டான். "சேர், யாளின்னா என்ன தெரியுமா?" தெரியாது. நிஜமாவே தெரியாது, நான் எந்தக் கோயிலுக்குள்ள போயிருக்கேன். "தூண்ல இருக்கு சேர்! சிங்கம் மாதிரி வாய், யான மாதிரி தும்பிக்க, கண்ணு இப்டி!" ரெண்டு கண்ணையும் வெரலால பிதுக்கி காட்டுனான். "அது பேரு யாளி! எங்கப்பா சொன்னாரு!"

ஒரு செகண்ட். பதிமூணு தலையும் ஒரே பக்கம் திரும்புச்சு.

"யாளினி யாளி!"
"யாளிக்கு பெரிய பல்லு டா, இவளுக்கு பல்லே இல்ல!"
"பல்லில்லாத யாளி!"

சிரிப்பு. மிசஸ் குணா போட்டோகாப்பி எடுக்க போயிருந்தாங்க. நான் "ஷ்ஷ்"ன்னேன். ரெண்டு தடவ. அப்புறம் புக்க தொறந்து படிக்க ஆரம்பிச்சேன்.

அவ்வளவு தான் நான் செஞ்சது. பக்கம் திருப்புனேன்.

யாழினி எழுந்து வந்து வயித்துல கை வெச்சு கதவ காட்டுனா. டாய்லெட். போன்னேன். போனவ வரல. பெல் அடிச்சப்புறம் மிசஸ் குணா தான் போய் கண்டுபிடிச்சாங்க. மூடி மேல உக்காந்து, ஷூ வெளிய தெரியக் கூடாதுன்னு கால மேல தூக்கி வெச்சுக்கிட்டு இருந்தாளாம்.

போலி ரெண்டாம் வருஷம், ப்ரெசன்டேஷன் அன்னைக்கு. ஸ்டேஷன் டாய்லெட். நானும் கால தூக்கி வெச்சுட்டு தான். நாப்பது நிமிஷம். அப்புறம் எதிர் ப்ளாட்ஃபார்ம் போய் வீட்டுக்கு வந்தேன். அதுக்கப்புறம் போகவே இல்ல. யாரும் வந்து தேடல.

சாப்பிடல. பசியும் இல்ல.


வியாழன், பிப். 5

ரீசெஸ்ல மிசஸ் குணா கவுன்டருக்கு வந்தாங்க. கைல காப்பி, எனக்கும் ஒண்ணு. காப்பி வாங்கிட்டு வந்தாங்கன்னா விஷயம் பெருசு.

"ஷேரன், யாழினி அம்மா போன் பண்ணாங்க. பிள்ள லைப்ரரிக்கு வரமாட்டேங்குதாம். அந்த அரை மணி ஆபீஸ்ல உக்காந்து ஒர்க்‌ஷீட் செய்யட்டும்னு கேக்கறாங்க. வருஷம் முழுக்க."

"ம்."

"அவ பேர நீங்க எப்படிக் கூப்புடுவீங்க?"

"யாளினி."

"இன்னொரு தடவ?"

"யாளினி."

திட்டல. திட்டியிருக்கலாம். காப்பி கப்ப சுத்திட்டே சொன்னாங்க: "என் வகுப்புல ஜனவரி ஆரம்பத்துல எல்லாரும் சரியா தான் சொல்லிட்டு இருந்தாங்க. இங்கேர்ந்து தான் மாறியிருக்கு. வர புதன் ஒரு தடவ நானே கூட்டிட்டு வரேன். அன்னைக்கும் உக்காரலன்னா அம்மா சொல்றபடி விட்டுடுவோம். சரியா மா?"

சரின்னேன்.

அவங்க போனப்புறம் பி2 வாசிப்பு கார்டெல்லாம் எடுத்தேன். லைப்ரரி வந்து போறப்ப ஒவ்வொரு வாரமும் நிரப்பணும்: பெயர், நூல், பிடித்த பகுதி. யாரும் பாக்கறதில்ல. நானும் பாத்ததில்ல.

ஜன. 14: யாழினி.
ஜன. 21: யாழினி.
ஜன. 28: யாளினி.

அவளே எழுதுனது. அடிச்சு திருத்தல, அவசரமும் இல்ல. கோட்டு மேல உக்கார வெச்சு, நிதானமா, அழகா ஒரு ள.

அப்ப தான் ஒறைக்குது. மொத நாள் இல்ல இல்லன்னு தலையாட்டுனாளே. நீ யாளினி தானேன்னு கேட்டேன். இல்லன்னா. சரியா தான சொன்னா. ரெண்டு தடவ சொன்னா. நான் டிக் பண்ணேன்.

காப்பி ஆறிப்போச்சு. குடிச்சேன்.


சனி, பிப். 7

அம்மாவுக்கு மசாலாத்தூள் வாங்கணும்னு லிட்டில் இந்தியா. மசாலாத்தூள் ஜூரோங்லயும் கெடைக்கும். யாளி பாக்க தான் போனேன்.

வெயில். சிராங்கூன் ரோட்ல நடக்கவே எடமில்ல. கோயில் வாசல்ல பூ விக்கற அக்கா, "செருப்ப கழட்டிட்டு உள்ள போ மா"ன்னாங்க. "இல்லக்கா, இங்கேர்ந்தே பாக்கறேன்." "என்னத்த?" "யாளி." என்ன மேலயும் கீழயும் பாத்துட்டு, பூ கட்டற கையாலயே தூண காட்டுனாங்க.

எழிலன் கரெக்டா தான் சொல்லியிருக்கான். வாய், தும்பிக்க, பிதுங்குன கண்ணு. அசிங்கமா இல்ல. கெத்தா இருக்கு. ஆனா பல்லு விழுந்த பொண்ண பாத்து பதிமூணு பேர் கத்துனா அது கெத்து இல்ல. அவளுக்கு ஒரு பேரு இருக்கு.

திரும்பறப்ப ட்ரெயின்ல போன்ல வீடியோ பாத்து ப்ராக்டிஸ். நாக்க மடக்கு, மேல தூக்கு. ழ. ழ. ழ. பக்கத்து சீட்டு சீன ஆன்ட்டி எழுந்து கதவுகிட்ட போய் நின்னுட்டாங்க. பயம் போல.

கெட்ட யோசன ஒண்ணும் வந்துச்சு. எழிலன். எழி. ல போட்டா எலி. ஒரே ஒரு தடவ "எலி"ன்னு கூப்புட்டா போதும், அவன் கத முடிஞ்சுது. பூன் லே வர வரைக்கும் அத நெனச்சு சிரிச்சுட்டு வந்தேன். செய்யமாட்டேன். அவனுக்கு எட்டு வயசு. எனக்கு இருவத்தொண்ணு.

மசாலாத்தூள் வாங்க மறந்துட்டேன்.


செவ்வாய், பிப். 10

மழ திரும்ப. நாக்கு அடில ஒரு நரம்பு வலிக்குது. ரூம்ல கதவ சாத்திட்டு ழா ழீ ழூ. அம்மா வெளியிலேர்ந்து: "என்ன டி, வாந்தியா?"

"இல்ல."

"அப்ப என்ன சத்தம்?"

"வேல."

பத்துல ஒண்ணு சரியா வருது. அந்த ஒண்ணும் எப்படி வந்துச்சுன்னு தெரியல. இது மாதிரி தான் எனக்கு எல்லாமே.

நாளைக்கு உடம்பு சரியில்லன்னு எம்சி எடுத்துடலாமான்னு யோசிச்சேன். க்ளினிக் ஒன்பதுக்கு தொறக்கும். யோசிக்கறத நிறுத்து.


புதன், பிப். 11

தூறல். பஸ் சீக்கிரமே வந்துடுச்சு. பயம் இருக்கற நாள்ல மட்டும் சீக்கிரம் வரும்.

பத்து மணி. பதிமூணு பேர் கார்பெட்ல. மிசஸ் குணா யாழினிய கைய பிடிச்சு கூட்டிட்டு வந்தாங்க. கதவு வரைக்கும் வந்தா. ஷூ கழட்டல. கதவோட ஒட்டி நின்னுக்கிட்டா. மிசஸ் குணா என்ன பாத்தாங்க, நான் பரவால்லன்னு கை காட்டுனேன். அவங்க போய் பின்னால உக்காந்தாங்க.

வருகை. ராத்திரி பூரா ப்ராக்டிஸ் பண்ண நாக்கு, பஞ்சு மாதிரி. எழிலன் பேர் மொதல்ல வருது லிஸ்ட்ல. மூச்ச இழுத்தேன், நாக்க மடக்குனேன்.

"எலிலன்."

சத்தியமா வேணும்னு இல்ல. சனிக்கிழம நெனச்சது சனிக்கிழமையோட. இது நாக்கு பண்ணது.

யாரோ சிரிச்சா. பல்லு இல்லாத சிரிப்பு, காத்து கலந்து, கதவுகிட்டேர்ந்து. யாழினி. அவ சத்தத்த நான் கேக்கறது அது தான் மொத தடவ.

அப்புறம் வெடிச்சுது.

"எலி! எலி!"
"எலி, சீஸ் வேணுமா?"
"வால காட்டு டா!"

எழிலன் சிரிக்க பாத்தான். முடியல. கீழ் ஒதடு வெளிய வந்துடுச்சு. "நான் ஒண்ணும் எலி இல்ல"ன்னான், கண்ணுல தண்ணி. ஸ்டேஷன் முழுக்க கேக்கற மாதிரி கத்துனவன், பக்கத்துல இருக்கறவனுக்கு கேக்காத மாதிரி சொன்னான்.

பக்கம் திருப்பல. புக்க மூடி கீழ வெச்சேன். நானும் கார்பெட்ல உக்காந்தேன்.

"எல்லாரும் கேளுங்க. அவன் எலி இல்ல. அவ யாளி இல்ல. அவங்க பேருல தப்பு இல்ல. சேர் நாக்குல தான் தப்பு. எனக்கு ழ வராது. மொத நாள்லேர்ந்து தப்பா தான் சொல்லிட்டு இருக்கேன், நீங்க என்ன பாத்து சொல்றீங்க."

கடைசி வரிசைலேர்ந்து ஒருத்தன்: "சேர் பெரியவங்க தானே?"

"ஆமா."

"அப்பறம் ஏன் வரல?"

"தெரியல."

"டியூஷன் போங்க சேர்."

மிசஸ் குணா நோட்டால முகத்த மறைச்சுக்கிட்டாங்க. தோளு ஆடுச்சு.

எழிலன்கிட்ட சாரின்னேன். "இட்ஸ் ஓகே சேர்"னு சொல்லிட்டு என் சட்ட கையிலயே மூக்க தொடச்சான்.

அப்ப தான் ஷூ சத்தம். கார்பெட் மேல ஷூவோட வரக் கூடாது, ரூல். யாழினி ஷூவோட நடந்து வந்தா, எல்லாரையும் தாண்டி, என் முன்னால வந்து நின்னா. கோவம் மாதிரி தான் இருந்துச்சு முகம்.

"நாக்கு மேல போவணும்," அப்டின்னா. "எங்கயும் தொடக் கூடாது."

வாய பெருசா தொறந்து காட்டுனா. பல்லு இல்லாததால நல்லாவே தெரிஞ்சுது. நாக்கு மடங்கி, அந்தரத்துல நின்னுச்சு. "ழ." அவ்வளவு சுலபமா.

நான் தொறந்தேன். எழிலன் தொறந்தான். எல்லாரும் தொறந்துட்டாங்க. பதினாலு வாயும் என் வாயும், ஆன்னு, ழான்னு. எச்சில் வழியுது ஒருத்தனுக்கு. லைப்ரரி ஹெட் எட்டி பாத்து, "என்ன இது, டென்டல் செக்கப்பா?"

"இப்ப சொல்லுங்க," யாழினி.

"யார்ரினி."

கார்பெட்ல உருண்டுட்டாங்க. அவ சிரிக்கல. காத்திருந்தா. அந்த யான தும்மலுக்கு காத்திருந்தாளே, அதே மாதிரி மூச்ச பிடிச்சுக்கிட்டு.

"யா... ழினி."

பாதி வந்துச்சு. முக்கா. அவ கொஞ்ச நேரம் யோசிச்சா.

"ஓகே லா," அப்டின்னா. "நாளைக்கு மறந்துடுவீங்க." சொல்லிட்டு எழிலனுக்கும் இன்னொருத்திக்கும் நடுவுல எடம் பண்ணி உக்காந்தா. அப்புறம் தான் ஷூவ கழட்டுனா.

பெல். கதைல ஒரு வரி கூட படிக்கல. மிசஸ் குணா வரிசைல நிறுத்தி கூட்டிட்டு போனாங்க, போறப்ப ஆபீஸ் பத்தி ஒண்ணும் பேசல, நானும் கேக்கல. அதுக்கப்புறம் பி5, அப்புறம் ரெண்டு டிராலி. முதுகு வலி. நாக்கு வலி.

மூணு மணிக்கு தான் கார்டு அடுக்குனேன். அவளோடது நடுவுல இருந்துச்சு.

பெயர்: யாழினி. ழ மட்டும் ரெண்டு கோடு உயரம்.
நூல்: படிக்கல.
பிடித்த பகுதி: எலி.